டென்னிஸ் அரங்கில் ஒரு விமானியின் பெயர்

மே மாதக் கடைசி வந்துவிட்டால் மலேசியாவில் லிங்கிப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் டிவியைத் திறந்தாலே செம்மண் தரைதான். பாரிஸில் நடக்கிற பிரெஞ்சு ஓப்பன். அங்கே காலை பதினோரு மணி என்றால் நமக்கு மாலை ஐந்து. செம்பனைத் தோட்டத்து வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்த பையன்கள் ஆளுக்கொரு தே தாரிக்கை முன்னால் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பார்கள். வலைக்குப் பின்னால் சுவரில் பெரிதாக ஒரு பெயர் எழுதியிருக்கும். ரோலண்ட் காரோஸ்.

"இவரு எத்தன தடவ கப்பு ஜெயிச்சாரு மாமா?"

ஒரு தடவைகூட இல்லை, தம்பி. அவர் டென்னிஸ் வீரரே அல்ல. பொழுதுபோக்குக்கு மட்டை பிடித்தவர், அவ்வளவுதான். அவர் தொழில் விமானம் ஓட்டுவது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் பறந்து சண்டை போட்டவர், முப்பது வயது நிறையாமல் இறந்தவர். போர் விமானம் என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதன் தொடக்கத்தில் நிற்கிற மனிதர்களில் அவர் முக்கியமானவர். அவர் பெயர் அரங்கின் சுவருக்கு வந்த கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்.

அவர் பிறந்த இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். அந்த இடத்துக்கும் நமக்கும் உறவு இருக்கிறது. மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் ரியூனியன் என்று ஒரு தீவு. அப்போது பிரெஞ்சுக்காரர்களின் குடியேற்ற நாடு, இன்றும் பிரான்சின் ஒரு பகுதி. அந்தத் தீவின் தலைநகரம் சேன் தெனியில் 1888 அக்டோபர் 6ஆம் தேதி காரோஸ் பிறந்தார். தீவு முழுக்கக் கரும்புத் தோட்டம். அந்தக் கரும்பை வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள்.

பிரெஞ்சு அரசு 1848இல் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் பழைய தோட்டத்துக்குத் திரும்பப் போக விரும்பவில்லை. ஆலைக்காரர்களுக்கு ஆள் வேண்டும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டு வாங்கிக் கப்பலேற்றினார்கள். 1860இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு பிரிட்டிஷ் இந்தியாவின் மாவட்டங்களிலிருந்தும் ஆள் எடுக்க வழி பிறந்தது. போனவர்கள் பட்ட பாட்டைக் கேள்விப்பட்டு 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அதை நிறுத்தியது. காரோஸ் பிறப்பதற்கு ஆறே ஆண்டுகளுக்கு முன்னால். அங்கே போனவர்களின் சந்ததியை இன்று 'மலபார்' என்கிறார்கள். பேச்சுத் தமிழ் ஏறக்குறையப் போய்விட்டது. ஆனால் காவடி இருக்கிறது, தீமிதி இருக்கிறது, மாரியம்மன் இருக்கிறாள். ராமசாமி, வீராப்பிள்ளை போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன.

காரோஸின் குடும்பம் கரும்பு வெட்டிய குடும்பமல்ல. அப்பா வழக்கறிஞர். பிள்ளைக்கு நான்கு வயதானபோது அவர் தொழிலுக்காக சைகோனுக்குக் குடிபெயர்ந்தார். இன்றைய வியட்நாமின் ஹோ சி மின் நகரம். அங்கேயும் தமிழர்கள் இருந்தார்கள். புதுச்சேரிக்காரர்கள் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தார்கள், செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தினார்கள், அவர்கள் கட்டிய கோயில்களில் இன்றும் பூசை நடக்கிறது. அந்தச் சிறுவனின் கண் முன்னால் இரண்டு ஊரிலும் நம் ஆட்கள் நடமாடியிருப்பார்கள். இதற்கு மேல் உறவு கொண்டாட எனக்கு ஆசையில்லை. தோட்டங்களையும் துறைமுகங்களையும் வைத்து ஓடிய அதே உலகத்தில்தான் அவரும் வளர்ந்தார் என்பது போதும்.

பன்னிரண்டு வயது வாக்கில் படிப்புக்காகப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். குளிர் ஒத்துக்கொள்ளாமல் நிமோனியா வந்து படுத்தான் பையன். தெற்கே கடலோரத்தில் கான் நகரத்துக்கு மாற்றினார்கள். உடம்பைத் தேற்றிக்கொள்ள சைக்கிள் மிதிக்க ஆரம்பித்து, 1906இல் பள்ளி மாணவர்களுக்கான சைக்கிள் பந்தயத்தில் பிரான்சிலேயே முதலாவதாக வந்தான். பிறகு பாரிஸில் வணிகக் கல்லூரி. முடித்ததும் கார் விற்கிற கடை வைத்தார். இளம் வயதிலேயே சொந்தத் தொழில்.

1909 ஆகஸ்டில் ரைம்ஸ் நகரில் உலகத்தின் முதல் பெரிய விமானப் போட்டி நடந்தது. அதைப் பார்க்கப் போனவர் திரும்பி வந்ததும் விமானம் வாங்கத் துணிந்தார். அன்று கிடைத்தவற்றில் மலிவானது 'தெமுவாசெல்' என்ற சின்ன விமானம். பிரேசில்காரர் சாந்தோஸ் துமோன் வடிவமைத்தது. மூங்கில் சட்டம், துணி, கம்பி, ஒரு சிறு இயந்திரம். பயிற்சி கொடுக்க ஆளில்லை. தானே ஓட்டிப் பழகி 1910 ஜூலையில் உரிமம் எடுத்தார். அதன் எண் 147.

1910 நம் பக்கத்திலும் மறக்க முடியாத ஆண்டு. லண்டன் சந்தையில் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது அந்த ஆண்டு ஏப்ரலில். லிங்கி பிளாண்டேஷன்ஸ் என்ற பெயர் லண்டன் பங்குச் சந்தைக்காரர்கள் வாயில் புழங்கிய காலம். அந்த உயர்வை நம்பிக் காடுகளை அழித்துப் புதுத் தோட்டங்கள் போட்டார்கள். கங்காணிமார் தமிழ்நாட்டு ஊர்களுக்குப் போய் ஆள் கூட்டி வந்தார்கள். 1913இல் தோட்ட ரப்பர் பிரேசிலின் காட்டு ரப்பரை உற்பத்தியில் முந்திவிட்டது. அன்றைய விமானத்துக்கு ரப்பர் இல்லாமல் முடியாது. சக்கரத்துக்கு டயர், எண்ணெய்க்கு ரப்பர் குழாய், தரையில் இறங்கும்போது அதிர்ச்சி தாங்க அச்சில் சுற்றிய ரப்பர்க் கயிறு. எந்தத் தோட்டத்து மங்கில் வடிந்த பால் எந்த விமானத்துக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் விடியற்காலை பெரட்டுக்கு நின்று, நெரை பிடித்து மரம் வெட்டியவர்களின் உழைப்பு அந்த விமானங்களோடு சேர்ந்துதான் மேலே ஏறியது.

காரோஸ் அமெரிக்கா, மெக்சிகோ, கியூபா, பிரேசில் என்று ஊர் ஊராகப் போய்க் காட்சிப் பறப்பு நடத்தினார். உயரச் சாதனைகள் செய்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு நேராக 1913 செப்டம்பர் 23க்கு வருவோம். அன்று அவர் மத்தியதரைக் கடலை ஒரே மூச்சில் கடந்தார். பிரான்சின் ஃப்ரெஜூஸில் விடியற்காலையில் கிளம்பி, ஆப்பிரிக்கக் கரையில் துனீசியாவின் பிசெர்த் நகரில் இறங்க 7 மணி 53 நிமிடம் ஆனது. ஏறக்குறைய 780 கிலோமீட்டர். கீழே தண்ணீர், கையில் ஒரு திசைகாட்டி, ஒற்றை இயந்திரம். வழியில் கோர்சிகா தீவின் பக்கம் இயந்திரம் கோளாறு காட்டியது. திரும்பலாம், இறங்கலாம். இரண்டும் செய்யாமல் போய்ச் சேர்ந்தார். இறங்கியபோது தொட்டியில் மிஞ்சியது ஐந்து லிட்டர் பெட்ரோல்.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'நோம்' என்று பெயர். இன்றைய கார் இயந்திரத்தில் சிலிண்டர்கள் அசையாமல் நிற்கும், நடுத்தண்டு சுற்றும். இதில் தலைகீழ். தண்டு அசையாது, சிலிண்டர்கள் அத்தனையும் விமானத்தின் மூக்கில் சுழலும் இறக்கையோடு சேர்ந்து கிறுகிறுவென்று சுற்றும். சுற்றும்போதே காற்றில் குளிர்ந்துகொள்ளும், அதனால் தண்ணீர்த் தொட்டி வேண்டாம், எடை குறையும். ஆனால் மசகெண்ணெய் பெட்ரோலோடு கலந்து கரைந்துவிடக் கூடாது. அதற்குப் பொருத்தமாக அமைந்தது விளக்கெண்ணெய். ஆமாம், நம் பாட்டிமார் வயிற்றைச் சுத்தம் செய்யக் குழந்தைக்குக் கொடுப்பார்களே, அதே ஆமணக்கு எண்ணெய்தான். இயந்திரம் அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளாது. எரிந்ததும் எரியாததுமாகப் பின்னால் வீசிக்கொண்டே இருக்கும். விமானியின் முகம், கண்ணாடி, துணி எல்லாம் பிசுபிசுக்கும், அந்தப் புகையைத்தான் அவர் மூச்சில் இழுக்க வேண்டும். பல விமானிகளுக்கு வயிறு கெட்டது. எட்டு மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்த மனிதரை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு போர் வந்தது. நம் பக்கம் அது கடல் வழியாக வந்தது. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தைச் சுட்டது, அக்டோபர் 28 அதிகாலையில் பினாங்கில் நுழைந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது, வெளியே வரும் வழியில் 'முஸ்கே' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடித்தது. ஐரோப்பாவில் வானமும் போர்க்களமாக ஆனது.

தொடக்கத்தில் விமானம் வேவு பார்க்கத்தான் போனது. எதிரி விமானம் எதிரே வந்தால் கைத்துப்பாக்கியால் சுடுவார்கள், இல்லையென்றால் துப்பாக்கியோடு பின்னிருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். ஓடுகிற விமானத்திலிருந்து ஓடுகிற விமானத்தை அப்படிச் சுட்டு வீழ்த்துவது அபூர்வம். இயந்திரத் துப்பாக்கியை விமானத்தின் மூக்கிலேயே பொருத்தி, விமானத்தை எதிரி மேல் திருப்பி விசையை அழுத்தினால் போதுமே என்று எல்லாருக்கும் தோன்றியது. குறி பார்க்கிற வேலையை விமானமே செய்துவிடும். தடை ஒன்றுதான். மூக்கில் இறக்கை சுற்றுகிறது.

கடையில் தலைக்கு மேல் சுற்றுகிற காற்றாடியைப் பாருங்கள். அதன் இறக்கைகளின் ஊடே ஒரு கல்லை விட்டெறிந்தால் இடுக்கில் போகவும் செய்யும், இறக்கையில் படவும் செய்யும். விமான இறக்கை மரத்தால் ஆனது, நிமிடத்துக்கு 1,200 சுற்று. இரண்டு இதழ் என்றால் துப்பாக்கி வாய்க்கு நேராக நொடிக்கு நாற்பது தடவை மரம் வந்து போகிறது. நூறு குண்டில் சில குண்டு மட்டுமே மரத்தில் படும். ஆனால் அந்தச் சில குண்டு போதும். இறக்கை பிளந்தால் இயந்திரம் குலுங்கிப் பிய்த்துக்கொண்டு போய்விடும், விமானி செத்தார்.

ரேமோன் சோல்னியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் போருக்கு முன்பே ஒரு வழி கண்டிருந்தார். இயந்திரமே துப்பாக்கிக்கு உத்தரவு கொடுக்கட்டும், மரம் எதிரே இல்லாத நேரத்தில் மட்டும் சுடட்டும் என்பது. யோசனை சரி, வேலை செய்யவில்லை. காரணம் குண்டுகள். சில தோட்டாக்கள் ஊசி அடித்ததும் வெடிக்காமல் ஒரு கணம் தாமதித்து வெடித்தன. அந்த ஒரு கணத்தில் மரம் எதிரே வந்துவிடும். அதற்குக் காப்பாக சோல்னியே இன்னொன்று செய்தார். இறக்கையில் குண்டு படக்கூடிய இடத்தில் ஆப்பு வடிவ எஃகுத் தகடு பொருத்தினார். பட்ட குண்டு வழுக்கி ஓரமாகத் தெறித்துப் போகும்.

காரோஸ் அந்தத் தகட்டைக் கையில் எடுத்தார். தன் மெக்கானிக் ஜூல் ஹூவோடு உட்கார்ந்து மாதக்கணக்கில் சோதித்தார். குண்டு படும் இடத்தில் இறக்கையின் அகலத்தைக் குறைத்தார்கள், தகட்டின் சாய்வை மாற்றினார்கள், குண்டின் அடி தாங்க முட்டுக் கொடுத்தார்கள். வரலாற்றில் காரோஸ் பெயர் நிற்கிறது, ஹூவின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எண்ணெய்க் கையோடு வேலை செய்தவர்களின் பெயரை விட்டுவிட்டு எந்த இயந்திரத்தின் கதையைச் சொன்னாலும் அது குறைக் கதை என்பது என் கருத்து. இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களில் தோட்டத்து ஸ்டோரிலோ பட்டறையிலோ வேலை செய்தவர்கள் இருந்தால், அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1915 ஏப்ரல் 1. மோரான் சோல்னியே விமானம், மேலே ஒற்றைச் சிறகு, மூக்கில் ஹாட்ச்கிஸ் இயந்திரத் துப்பாக்கி. எதிரே ஒரு ஜெர்மன் ஆல்பட்ராஸ். பிரெஞ்சு விமானம் மூக்கை நேராக நீட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து ஜெர்மன்காரர் பயப்படக் காரணமே இல்லை. இறக்கை சுற்றுகிற பக்கத்திலிருந்து சுட முடியாது என்பது அன்று எல்லாரும் அறிந்த விஷயம். காரோஸ் அந்தப் பக்கத்திலிருந்தே சுட்டார். சுற்றும் இறக்கையின் ஊடே சுட்டு ஒரு விமானம் வீழ்த்தப்பட்டது அதுவே முதல் தடவை. அந்த மாதம் 15ஆம் தேதி இரண்டாவது, 18ஆம் தேதி மூன்றாவது.

அதே 18ஆம் தேதி அவர் விமானம் பெல்ஜியத்தில் ஜெர்மன்காரர்கள் பிடித்திருந்த பகுதியில் இறங்க நேர்ந்தது. தரையிலிருந்து சுட்ட குண்டு பட்டது என்றும், எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். இறங்கியதும் விமானத்துக்குத் தீ வைத்தார். சரியாகப் பற்றவில்லை. அதற்குள் ஆள் பிடிபட்டார். தகடு பொருத்திய இறக்கையும் துப்பாக்கியும் முழுசாக எதிரி கையில் சிக்கின.

ஜெர்மன்காரர்கள் அதை அந்தோனி ஃபாக்கர் என்ற டச்சுக்காரரின் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தகட்டை அப்படியே நகலெடுப்பது சரிப்படவில்லை. ஃபாக்கரின் பொறியாளர்கள் சோல்னியே கைவிட்ட பழைய வழிக்கே போனார்கள். இயந்திரத்தோடு சுற்றும் ஒரு மேடு, அது தள்ளும் ஒரு கம்பி, கம்பி போய்த் துப்பாக்கியின் விசையைத் தட்டும். மரம் எதிரே இருந்தால் தட்டாது. ஜெர்மன் தோட்டாக்கள் சீராக வெடித்ததால் இங்கே அது பலித்தது. இரண்டே நாளில் இதைக் கண்டுபிடித்ததாக ஃபாக்கர் பிற்காலத்தில் பெருமை பேசினார். அதை நம்ப வேண்டியதில்லை, ஜெர்மனியிலேயே 1913இல் இதே யோசனைக்குக் காப்புரிமை எடுத்த ஒருவர் இருந்தார். காரோஸின் விமானம் அவர்களை அவசரப்படுத்தியது, அதுதான் நடந்தது. 1915 கோடையிலிருந்து மறு ஆண்டின் தொடக்கம் வரை ஃபாக்கர் விமானங்கள் பிரிட்டிஷ், பிரெஞ்சு விமானங்களை வேட்டையாடின.

மலாயா பிரிட்டிஷார் கையில் இருந்ததால் அந்தச் செய்தி இங்கும் வந்து சேர்ந்தது. பேராக்கில் ரப்பர் முதலாளியாக இருந்த ஆல்மா பேக்கர் என்பவர் நிதி திரட்டி விமானங்கள் வாங்கி அனுப்பினார். அவற்றின் உடம்பில் 'மலாயா' என்று பெயர் எழுதினார்கள். பணம் கொடுத்தவர்கள் துரைமாரும் பணக்கார வியாபாரிகளும். அந்தப் பணம் எந்த மரத்திலிருந்து, யார் கையால் வடிந்தது என்பதை அந்த விமானங்களில் எழுதவில்லை.

காரோஸ் ஜெர்மன் சிறைமுகாம்களில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இருந்தார். தப்ப முயன்று முயன்று மாட்டிக்கொண்டார். முகாம் முகாமாக மாற்றினார்கள். கடைசியில் 1918 பிப்ரவரியில் மார்ஷல் என்ற இன்னொரு விமானியோடு சேர்ந்து வெளியேறினார். மார்ஷலுக்கு ஜெர்மன் மொழி தாய்மொழி போல வரும். கைவசம் இருந்ததை வைத்து ஜெர்மன் அதிகாரிகளின் சீருடை தைத்துப் போட்டுக்கொண்டு, காவலர்களை அதட்டிக்கொண்டே மாக்டெபர்க் முகாமின் வாசல்கள் வழியாக நடந்து போனார்கள். ஹாலந்து எல்லையைத் தாண்டி, லண்டன் வழியாகப் பிரான்ஸ்.

இவருடைய வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதற்குப் பிறகு நடந்ததுதான். மத்தியதரைக் கடலைவிடப் பெரிது, அந்த ஏப்ரல் ஒன்றைவிடப் பெரிது. பிரதமர் கிளமென்சோ அவரைப் போர்முனைக்கு அனுப்ப விரும்பவில்லை. ஆலோசகராக இருங்கள் என்றார். இருந்திருக்கலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். சிறையில் உடம்பு கெட்டிருந்தது. கண் பார்வை மங்கிப்போய், யாருக்கும் தெரியாமல் கண்ணாடி செய்து போட்டுக்கொண்டிருந்தார். அவர் இல்லாத மூன்று ஆண்டுகளில் விமானம் வேறொன்றாக மாறியிருந்தது. வேகம் கூடிவிட்டது, தனியாகப் பறந்து சண்டை போட்ட காலம் போய்க் கூட்டமாகப் பறக்கிற காலம் வந்திருந்தது. தனக்குப் பின்னால் வந்த இளைஞர்கள் ஐம்பது, எழுபது விமானங்களை வீழ்த்திப் புகழடைந்திருந்தார்கள். இவர் மாணவரைப் போல மறுபடி பயிற்சிக்குப் போனார். ஆகஸ்டில் தன் பழைய படைப்பிரிவுக்கே திரும்பினார்.

அக்டோபர் 2ஆம் தேதி ஒரு விமானத்தை வீழ்த்தினார். மூன்று நாள் கழித்து, 5ஆம் தேதி, ஆர்டென் பகுதியில் வூசியே நகரத்தின் பக்கம் ஃபாக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் அவர் விமானம் வானத்திலேயே சிதறியது. மறுநாள் அவருக்கு முப்பது வயது. போர் நிற்க 37 நாள் பாக்கி.

ஐந்து விமானங்களை வீழ்த்தினால் 'ஏஸ்' என்று பட்டம். காரோஸின் கணக்கு நான்கு. அவரை ஏஸ் என்று எழுதுகிற புத்தகங்கள் இன்றும் வருகின்றன, அது தவறு. ஒப்பிட்டுப் பார்க்க இந்திய விமானி ஒருவரைச் சொல்கிறேன். கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய், அதே 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் பத்து விமானங்களை வீழ்த்தி, பத்தொன்பது வயதில் பிரான்சிலேயே இறந்தார். எண்ணிக்கையில் அவர் காரோஸைவிட மேல். ஆனால் இந்திரலாலும் மற்றவர்களும் விசையை அழுத்தினால் குண்டு இறக்கையைத் தொடாமல் போனதற்கு, 1915இல் ஒருவர் தன் உயிரை வைத்து அந்தப் பக்கத்திலிருந்து சுட்டுக் காட்டியதும் ஒரு காரணம்.

இனி அந்த டென்னிஸ் அரங்கு. 1927இல் நான்கு பிரெஞ்சு வீரர்கள் அமெரிக்காவுக்குப் போய் டேவிஸ் கோப்பையை வென்று வந்தார்கள். மறு ஆண்டு கோப்பையைத் தக்கவைக்கிற ஆட்டம் பாரிஸில் நடக்க வேண்டும். தக்க அரங்கு இல்லை. ஸ்டாட் பிரான்சே என்ற விளையாட்டுச் சங்கம் இடம் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதன் தலைவர் எமில் லெசியூர், காரோஸோடு ஒரே வகுப்பில் படித்தவர். அரங்குக்கு என் நண்பன் பெயர் வைத்தால் இடம் தருகிறோம் என்று பிடிவாதமாக நின்றார். 1928இல் திறந்தார்கள். பத்து ஆண்டு முன்னால் செத்துப்போன கூட்டாளியின் பெயரை உலகம் நூறு ஆண்டு சொல்லும்படி செய்த அந்த நட்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெயருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ரியூனியனில் இருக்கிறது. தீவின் பெரிய விமான நிலையத்துக்கு ரோலண்ட் காரோஸ் என்றே பெயர்.

பினாங்கு, டர்பன், பிஜி, மொரிஷஸ் என்று சொந்தங்களைத் தேடிப் போகிற தமிழர்கள் ரியூனியனை மறந்துவிடுகிறார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புலம்பெயர்ந்த தமிழர் பற்றிப் பாடம் நடத்தும்போது வரைபடத்தில் அந்தத் தீவையும் காட்டுங்கள். போக வாய்ப்புக் கிடைத்தவர்கள் சேன் தெனியின் கடற்கரையில் காரோஸின் சிலையைப் பாருங்கள். பார்த்துவிட்டு, கிழக்குக் கரையில் சேன் ஆந்த்ரே ஊருக்கு வண்டி பிடியுங்கள். கரும்பு வெட்டப் போனவர்களின் பிள்ளைகள் கட்டிக் காக்கிற கோயில் அங்கே இருக்கிறது.